லீவில் கிடைத்த சிநேகிதம்... கூடவே ஒரு ஊசி!

முழுப் பரீட்சை முடிந்த அன்று சாயங்காலமே வீட்டுக்குள் புயல் அடிக்க ஆரம்பித்துவிடும். புத்தகப் பை ஒரு மூலையில், ஷூ இன்னொரு மூலையில்! "அம்மா, நாளையிலேருந்து காலைல எழுப்பாதே!" என்று முதல் உத்தரவு. மறுநாள் பார்த்தால், பள்ளிக்கூட நாளில் ஏழு மணி வரை உருண்டு புரளும் வாண்டு, ஆறு மணிக்கே எழுந்து கேரம் போர்டைத் துடைத்துக் கொண்டிருக்கும்.

எல்லோராலும் ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பிவிட முடியுமா என்ன? பாட்டி ஊருக்கு ஒரு வாரம் போய் வந்தால் அதிகம். மீதி லீவெல்லாம் வீடுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள்... நாம் இன்றைக்கும் நினைத்து நினைத்துச் சிரிக்கிற லீவு நாட்கள் பெரும்பாலும் பக்கத்து வீட்டுத் திண்ணையிலும், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலிலும் கழித்தவைதான். காரணம், அங்கே நமக்கு ஒரு சிநேகிதம் இருந்தது.

அப்படி ஒரு புது சிநேகிதம் கிடைக்கும்போது, கூடவே ஒரு பயமும் வந்தால் என்ன செய்வது? இந்த இதழின் பாடம் அதைப் பற்றித்தான்.

மாடிக்குக் குடிவந்த பையன்

ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அந்த வீட்டு வாண்டுக்கு ஒன்பது வயசு. நித்யா என்று பெயர் வைத்துக் கொள்வோம். கலகலப்பான பெண். சுவரில் இருக்கிற பல்லிகூட அவளுக்கு சிநேகிதம்தான்! ஏப்ரல் கடைசியில் மாடி போர்ஷனுக்கு ஒரு குடும்பம் வருகிறது. அப்பாவுக்கு மாற்றல். கூடவே பத்து வயசுப் பையன். அவனைக் கார்த்தி என்போம்.

முதல் நாள், மாடிப்படியில் ஒருத்தரை ஒருத்தர் முறைப்பதோடு சரி. இரண்டாம் நாள், "உனக்குத் தாயம் ஆடத் தெரியுமா?" மூன்றாம் நாள் இரண்டு பேரும் ஒரே தட்டில் வேர்க்கடலை! அப்புறம் கேட்க வேண்டுமா? காலையில் பல் தேய்த்ததும் ஆரம்பிக்கிற ஆட்டம், ராத்திரி இரண்டு அம்மாக்களும் மாற்றி மாற்றிக் குரல் கொடுத்த பிறகுதான் முடியும்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் நித்யாவுக்குப் புதிர். மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்தால் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஓடி விடுகிறான். ஜெயிக்கிற நேரத்தில்கூட! கேட்டால், "ஊசி போட்டுக்கணும். எனக்கு சுகர்" என்கிறான், ஏதோ ஜலதோஷம் என்கிற மாதிரி.

ராத்திரி சாப்பிடும்போது நித்யா இதைச் சொன்னதும், தோசைக் கரண்டி அந்தரத்தில் நின்று விடுகிறது.

"பத்து வயசுல சுகரா? கண்டதையும் தின்னக் குடுத்திருப்பாங்க" என்கிறார் பாட்டி. "ஒரே தட்டுல சாப்பிடறாளே... நம்ம குழந்தைக்கு ஒட்டிக்கிட்டா?"

அப்பாவுக்கு வேறு கவலை. "நம்ம வீட்ல விளையாடறப்ப அந்தப் பையன் மயங்கி விழுந்துட்டா யார் பதில் சொல்றது?"

அம்மாவுக்கு இரண்டு கவலையும்!

இந்த இடத்தில்தான் பல வீடுகளில் கதவு மெல்லச் சாத்தப்படுகிறது. யாரும் சண்டை போடுவதில்லை. "வெயில்ல ஆட வேண்டாம்", "நித்யா தூங்கறா", "நாளைக்கு வாப்பா" என்று நாலு நாள் சொன்னால் போதும், பையனுக்குப் புரிந்துவிடும். தினமும் மூன்று, நான்கு ஊசிகளைச் சிரித்துக் கொண்டே போட்டுக் கொள்கிற பிள்ளை, இந்த 'நாளைக்கு வாப்பா'வில் உடைந்து போவான்.

அப்படிக் கதவைச் சாத்தத் தேவையே இல்லை. நாலு விஷயம் தெரிந்து கொண்டால் போதும், இரண்டு குழந்தைகளும் லீவு முழுக்க நிம்மதியாக ஆடலாம். என்னென்ன என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாட்டிக்கு முதல் பதில்: ஒட்டாது!

நம் வயிற்றில், இரைப்பைக்குப் பின்புறம் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் உள்ள பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. நாம் சாப்பிடுகிற சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாம் கடைசியில் குளுக்கோஸாகி ரத்தத்தில் கலக்கின்றன. அந்தக் குளுக்கோஸ் செல்களுக்குள்ளே போய் சக்தியாக மாற, கதவைத் திறக்கும் சாவிதான் இன்சுலின்.

சில குழந்தைகளுக்கு, கிருமிகளோடு சண்டை போடவேண்டிய உடம்பின் பாதுகாப்புப் படையே, ஆள் தெரியாமல் இந்த பீட்டா செல்களை அழித்து விடுகிறது. சாவி செய்கிற பட்டறையே மூடிப் போகிறது. இதுதான் 'டைப் 1' சர்க்கரை நோய். குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் இந்த வகைதான்.

தாத்தாவுக்கு இருக்கிற சர்க்கரை 'டைப் 2'. அவர் உடம்பில் இன்சுலின் இருக்கிறது; ஆனால் போதாது, அல்லது சரியாக வேலை செய்வதில்லை. அதனால் அவருக்கு மாத்திரை, நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்று தொடங்குகிறார்கள். டைப் 1 குழந்தைக்கோ முதல் நாளிலிருந்தே இன்சுலின் ஊசி வேண்டும். வாழ்நாள் முழுக்க வேண்டும்.

ஆகவே பாட்டிகளே, குறித்துக் கொள்ளுங்கள். இது சாக்லேட் தின்றதால் வந்ததல்ல. அம்மா கவனிக்காததால் வந்ததும் அல்ல. ஒரே தட்டு, ஒரே டம்ளர், ஒரே பாய் எதிலும் ஒட்டாது. ஒன்று மட்டும் கவனம்: அவன் போட்டுக் கொண்ட ஊசியை மற்றக் குழந்தைகள் தொடக் கூடாது. அது எந்த ஊசிக்கும் உள்ள பொது விதி.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லி விடுகிறேன். "எங்க ஊர்ல ஒருத்தர் பொடி குடுக்கறார், ஊசியே வேண்டாமாம்" என்று நல்ல எண்ணத்தில் அந்த அம்மாவிடம் சொல்லி விடாதீர்கள். பாகற்காய்ச் சாறும் சிறுகுறிஞ்சான் பொடியும் டைப் 1 குழந்தைக்கு இன்சுலினாக ஆகாது. ஊசியை நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம்.

ஊசி இல்லாத காலம்

"ஐயோ பாவம், தினமும் ஊசி!" என்று உச்சுக் கொட்டுகிறோம். அந்த ஊசி இல்லாத காலம் எப்படி இருந்தது தெரியுமா?

சுமார் 100 வருஷத்துக்கு முன்பு வரை, குழந்தைக்கு இந்த நோய் என்றால் பிழைப்பதே அரிது. பட்டினி போட்டு நாட்களைத் தள்ளிப் போடுவதைத் தவிர டாக்டர்களுக்கு வேறு வழி தெரியாது. 1921-ல் கனடாவின் டொராண்டோ நகரில் பேன்டிங், பெஸ்ட் என்ற இருவர், மெக்லியாடின் ஆய்வுக்கூடத்தில் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தார்கள். காலிப் என்ற விஞ்ஞானி அதைச் சுத்தப்படுத்திக் கொடுத்தார். 1922 ஜனவரியில், லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயசுப் பையனுக்குத்தான் முதன்முதலாக அது போடப்பட்டது. முதல் ஊசி சரியாகப் பலன் தரவில்லை. மருந்தை மேலும் சுத்தப்படுத்தி, 12 நாள் கழித்துப் போட்டார்கள். சாவின் விளிம்பில் இருந்த பையன் எழுந்து உட்கார்ந்தான்!

அதே வருஷம் ஆகஸ்டில், எலிசபெத் ஹ்யூஸ் என்ற அமெரிக்கச் சிறுமி டொராண்டோவுக்கு வந்தாள். 11 வயசில் நோய் வந்து, மூன்று வருஷம் அரைப்பட்டினியில் கிடந்து, எலும்பும் தோலுமாக இருந்தவள். இன்சுலின் ஏறியதும் உடம்பு தேறியது. பிறகு படித்து, கல்யாணமாகி, குழந்தைகள் பெற்று, 73 வயசு வரை வாழ்ந்து 1981-ல்தான் காலமானார்.

கிரிக்கெட் பிரியர்களுக்கு இன்னொரு உதாரணம். பாகிஸ்தான் வேகப்பந்து வீச்சாளர் வாசிம் அக்ரமுக்குச் சர்க்கரை இருப்பது 1997-ல் தெரிய வந்தது. அவர் ஓய்வெடுத்து வீட்டில் உட்கார்ந்து விட்டாரா? இன்சுலின் போட்டுக் கொண்டே 1999 உலகக் கோப்பையில் அணித் தலைவராக இருந்து, அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டு போனார். 2003 வரை ஆடினார். அப்படியிருக்க, மொட்டை மாடி கிரிக்கெட் ஆட மாடி வீட்டுப் பையனுக்கு என்ன தடை?

அப்பாவுக்குப் பதில்: மயக்கம் எதனால்?

அப்பாவின் பயம் நியாயமானது. விளையாடும்போது தசைகள் குளுக்கோஸை வேகமாகச் செலவழிக்கின்றன. நமக்கென்றால் உடம்பே இன்சுலின் சுரப்பைக் குறைத்து, சமாளித்துக் கொள்ளும். ஊசி மூலம் போட்ட இன்சுலினை அப்படிக் குறைக்க முடியாதே! அது பாட்டுக்கு வேலை செய்து கொண்டே இருக்கும். அதனால் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கலாம். ரத்தப் பரிசோதனையில் 70-க்குக் கீழே போனால் 'தாழ் சர்க்கரை' என்கிறோம்.

கோடையில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. வெயிலில் உடம்பு சூடாகும்போது, தோலுக்கடியில் போட்ட இன்சுலின் ரத்தத்தில் வேகமாகக் கலக்கிறது. அக்னி நட்சத்திர வெயிலில் ஓடியாடினால் சர்க்கரை இன்னும் சீக்கிரம் இறங்க வாய்ப்புண்டு. ஆடி முடித்துப் பல மணி நேரம் கழித்து, ராத்திரி தூக்கத்தில்கூட இறங்கலாம். அதனால்தான் நிறைய ஆடிய நாளில் கார்த்தியின் அம்மா படுக்கப் போகும் முன்பு இன்னொரு தடவை சோதித்துப் பார்க்கிறார்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கை நடுக்கம், திடீர்ப் பசி, படபடப்பு, முகம் வெளுத்தல், தலைவலி, பேச்சுக் குழறல்... இதில் ஏதாவது வரலாம். வேர்வையும் ஒரு அறிகுறிதான். ஆனால் மே மாசத்தில் ஆடுகிற எல்லாக் குழந்தைக்கும்தான் வேர்க்கும்! ஆகவே, நிழலில் உட்கார்ந்த பிறகும் சில்லென்று வேர்த்துக் கொட்டுகிறதா என்று பாருங்கள். சிரித்துக் கொண்டிருந்த பையன் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ, "போங்காட்டம்" என்று அழுதாலோ, மந்தமாக உட்கார்ந்து விட்டாலோ சந்தேகப்படுங்கள். திட்டுவதற்கு முன்னால் சர்க்கரைதான் ஞாபகத்துக்கு வர வேண்டும்.

இறங்கினால் என்ன செய்ய?

ஆட்டத்தை நிறுத்தி, பையனை உட்கார வையுங்கள். தனியாக மாடிக்கு அனுப்பாதீர்கள். படியில் விழுந்து விடலாம்.

சர்க்கரை சோதிக்கும் கருவி கையில் இருந்தால் சோதிக்கலாம். இல்லை என்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். 2 அல்லது 3 டீஸ்பூன் சர்க்கரை, அல்லது அதே அளவு குளுக்கோஸ் பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். அதாவது 10 முதல் 15 கிராம். பையனுக்குச் சரியான அளவை டாக்டர் அவன் அம்மாவிடம் சொல்லியிருப்பார். முன்கூட்டியே கேட்டு வைத்துக் கொள்ளுங்கள்.

15 நிமிஷம் பொறுத்துப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை அதே அளவு. தெளிந்த பிறகு, சாப்பாட்டுக்கு நேரமிருந்தால் இரண்டு பிஸ்கட் அல்லது ஒரு இட்லி கொடுக்கலாம். அவன் அம்மாவுக்குத் தகவல் சொல்லி விடுங்கள்.

இந்த அவசரத்தில் சாக்லேட், ஐஸ்க்ரீம், பால் எல்லாம் கைகொடுக்காது. அவற்றில் உள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். 'சுகர் ஃப்ரீ' பானத்தில் பயனே இல்லை.

ஒருவேளை பையன் நினைவிழந்து விட்டால், அல்லது வலிப்பு வந்தால்? நம் ஊர் வழக்கப்படி வாயில் சோடா ஊற்றுவார்கள், கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள். இரண்டும் வேண்டாம். வாயில் எதை ஊற்றினாலும் மூச்சுக் குழாயில் போய் அடைத்துக் கொள்ளும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108-க்கு போன் செய்யுங்கள். அவன் வீட்டாரைக் கூப்பிடுங்கள். குளுக்ககான் என்ற ஊசி அவர்களிடம் இருந்தால், போடக் கற்றவர்கள் போடுவார்கள்.

படிக்கப் பயமாக இருக்கிறதா? ஆரம்பத்திலேயே கவனித்து இனிப்புக் கொடுத்து விட்டால், பெரும்பாலும் கால் மணி நேரத்தில் பையன் மறுபடி தாயக் கட்டையை உருட்ட ஆரம்பித்து விடுவான்.

வாந்தி என்றால் அலட்சியம் வேண்டாம்

சர்க்கரை இறங்குவது போலவே, எக்கச்சக்கமாக ஏறுவதும் உண்டு. இன்சுலின் போதாதபோது உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும். அதில் உண்டாகும் 'கீட்டோன்' என்ற பொருள் ரத்தத்தை அமிலமாக்கும். வயிற்று வலி, வாந்தி, மூச்சு வாங்குதல், வாயில் பழ வாசனை, அசதித் தூக்கம் இதன் அடையாளங்கள். கோடையில் இதை "மாம்பழம் சூடு", "வெயில் ஒத்துக்கலை" என்று தப்பாக நினைத்து விடுவோம். டைப் 1 குழந்தைக்கு வாந்தி வந்தால் கஷாயம் வைத்துப் பார்க்கிற வேலை வேண்டாம். உடனே அவன் அம்மாவிடம் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய விஷயம் அது.

மாம்பழம் கொடுக்கலாமா?

லீவு என்றால் தீனி இல்லாமலா? "நம்ம பிள்ளைக்குக் குடுத்துட்டு அவனுக்கு எப்படிக் குடுக்காம இருக்கறது?" என்று கேட்பீர்கள். கொடுக்கலாம். டைப் 1 பிள்ளைகளும் மாம்பழம், பிறந்தநாள் கேக் எல்லாம் சாப்பிடலாம். அளவும் நேரமும்தான் முக்கியம். சில பிள்ளைகள், சாப்பிடப் போகிற மாவுச்சத்தைக் கணக்குப் பார்த்து அதற்கேற்ப இன்சுலின் போட்டுக் கொள்கிறார்கள். சிலருக்கு ஊசி அளவு நிலையானது. அவர்கள் நேரத்துக்கு, அளவாகச் சாப்பிட்டாக வேண்டும். மாடி வீட்டுப் பையன் எந்த வகை என்று கேட்டுக் கொண்டால் போதும்.

தாகத்துக்குத் தண்ணீர்தான் முதல். அடுத்தது சர்க்கரை போடாத நீர்மோர். நுங்கு, தர்பூசணி, இளநீர் அளவோடு. பானகம், ரோஸ்மில்க், பாட்டில் ஜூஸ் எல்லாம் சர்க்கரைத் தண்ணீர். "வெல்லம்தானே, கருப்பட்டிதானே, தேன்தானே" என்று சமாதானம் சொல்ல வேண்டாம். எல்லாமே சர்க்கரையை ஏற்றுபவைதான்! சொல்லப் போனால், இந்த ஜூஸை அடிக்கடி குடிப்பது நித்யாவுக்கும்தான் நல்லதல்ல. இரண்டு பேருக்கும் ஒரே சொம்பில் நீர்மோர் என்றால் வம்பே இல்லை.

ஒன்றை மட்டும் தவிர்த்து விடுங்கள். எல்லாக் குழந்தைக்கும் கொடுத்துவிட்டு, "உனக்கு வேண்டாம்ப்பா, உனக்குத்தான் சுகராச்சே" என்று நாலு பேர் முன்னால் சொல்வது. பத்து வயசுக்கு அது ரொம்ப வலிக்கும்.

இன்சுலினுக்கும் வெயில் ஆகாது

பிள்ளைகள் சில நாள் உங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்கும் அளவுக்கு நெருங்கி விடுவார்கள். அப்போது இன்சுலினும் கூடவே வரும். பிரிக்காத இன்சுலினை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி செல்ஷியஸில் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. உறைந்துபோன இன்சுலின் குப்பைக்குத்தான். உபயோகத்தில் இருப்பதை வெளியே வைக்கலாம் என்றாலும், நம் ஊர் மே மாச வெயிலில் ஜன்னலோரமும், நிறுத்தி வைத்த காருக்குள்ளும் வைத்தால் வீரியம் போய்விடும். கரண்ட் போகிற ஊர்களில், பெரிய மண்சட்டிக்குள் சின்ன மண்சட்டி வைத்து, நடுவே ஈர மணல் போட்டால் உள்ளே நன்றாகக் குளிர்ந்திருக்கும்.

சில பிள்ளைகளின் மேல்கையில் பெரிய நாணயம் போல ஒன்று ஒட்டியிருக்கும். அது சர்க்கரையைக் கண்காணிக்கும் சென்சார். "என்னது இது?" என்று குழந்தைகள் பிய்த்துப் பார்க்காமல் சொல்லி வையுங்கள்.

இரண்டு அம்மாக்கள் பேசட்டும்

இத்தனைக்கும் ஆரம்பம் ஒரு பத்து நிமிஷப் பேச்சுதான். எப்படித் தொடங்குவது என்று தயக்கமா? இப்படிக் கேட்டுப் பாருங்கள்.

"கார்த்தி அம்மா, ஒரு நிமிஷம் உட்காருங்க. கார்த்திக்கு சுகர்னு நித்யா சொன்னா. இங்க விளையாடறப்ப நான் என்னென்ன பார்த்துக்கணும்னு சொல்லுங்களேன்."

'நித்யா அம்மா'வின் இந்த ஒரு வாக்கியத்தில், அந்த அம்மாவின் தோளிலிருந்து பாதி பாரம் இறங்கி விடும். அப்புறம் ஐந்து கேள்விகள். சர்க்கரை இறங்கினால் கார்த்தியிடம் முதலில் என்ன மாற்றம் தெரியும்? என்ன கொடுக்க வேண்டும், எவ்வளவு? ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் எது நேரம்? நீங்கள் இல்லாதபோது யாருக்கு போன் செய்வது? எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது? பதில்களை எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

டைப் 1 பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிறையப் பேர் இதை மூடி மறைக்கிறார்கள். பெண் குழந்தை என்றால் இன்னும் அதிகம். "வெளியில தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணம் காட்சி எப்படி நடக்கும்?" என்ற பயம். அந்தப் பயம் புரிகிறது. ஆனால், விஷயமே தெரியாத வீட்டில் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கினால், "வெயில் மயக்கம்" என்று நினைத்து விசிறிக் கொண்டுதான் இருப்பார்கள். தெரிந்த வீடு என்றால் சர்க்கரை டப்பாவைத் திறப்பார்கள். ஊருக்கெல்லாம் தண்டோரா போட வேண்டாம். குழந்தை தினமும் போய் விளையாடுகிற வீட்டுக்காவது சொல்லி விடுங்கள்.

நித்யாவிடம் என்ன சொல்வது?

குழந்தைகளுக்குச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டாம். "கார்த்தி உடம்புல இன்சுலின்னு ஒண்ணு சுரக்கல. அதனால ஊசியா போட்டுக்கறான். சில சமயம் சர்க்கரை குறைஞ்சா தள்ளாடுவான், சிடுசிடுப்பான். அப்போ உடனே என்னைக் கூப்பிடு." ஒன்பது வயசுக்கு இது தாராளமாகப் புரியும்.

ஆனால் அவளைக் காவல்காரியாக்கி விடாதீர்கள். "அவன் என்ன திங்கறான்னு பார்த்து எங்கிட்ட சொல்லு" என்று வேவு பார்க்க வைத்தால் அங்கே நட்பு இருக்காது. "இது சாப்பிடலாமா? ஊசி போட்டியா?" என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்பதற்கு அவனுக்கு அம்மா இருக்கிறார், பாட்டி இருக்கிறார். சிநேகிதியின் வேலை, ஆட்டத்தில் அவனைத் தோற்கடிப்பது! ஊசியைப் பார்த்துப் பாவப்பட்டு விட்டுக் கொடுத்தால் அவனுக்குப் பிடிக்காது. ஊசி போட்டுக் கொண்டு வரும் வரை தாயக் கட்டையைத் தொடாமல் காத்திருந்தால், அதுவே பெரிய மரியாதை.

மத்தியான வெயிலில் 11 மணி முதல் 4 மணி வரை இரண்டு பேருமே வீட்டுக்குள்ளே இருக்கட்டும். பல்லாங்குழி, பரமபதம், கேரம், சீட்டுக்கட்டு என்று உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம் நம்மிடம் கொஞ்சமா இருக்கிறது? சாயங்காலம் நிழல் சாய்ந்ததும் ஓடிப் பிடிக்கலாம். ஓட்டத்துக்கு முன்னால் கார்த்தி ஒரு தடவை சர்க்கரை பார்த்துக் கொள்ளட்டும்.

உங்கள் வீட்டுக் குழந்தையின் தாகம்

மாடி வீட்டுப் பையனைப் பற்றித் தெரிந்து கொண்டதில் உங்களுக்கும் ஒரு லாபம் உண்டு. டைப் 1 எந்தக் குழந்தைக்கும் வரலாம். குடும்பத்தில் யாருக்குமே இல்லாவிட்டாலும் வரலாம். முதல் அறிகுறி தாகம். வெயில் காலத்தில் எல்லாப் பிள்ளையும்தான் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கும். பின் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

வெயில் தாகம் என்றால் சிறுநீர் குறைவாக, அடர் மஞ்சளாகப் போகும். சர்க்கரைத் தாகம் என்றால் குடிக்கக் குடிக்க, சிறுநீரும் அடிக்கடி, நிறையப் போகும். ராத்திரி எழுந்து எழுந்து போகும். படுக்கையை நனைப்பதை எப்போதோ நிறுத்திய குழந்தை மறுபடி நனைக்கும். சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்க்கும். நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கும். எப்போதும் அசதி. இவற்றைக் கண்டால், "லீவு முடியட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப் போடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, ஒரு நிமிஷத்துக்குள் சர்க்கரை அளவைச் சொல்லி விடுவார்கள். சீக்கிரம் கண்டுபிடித்து இன்சுலின் ஆரம்பித்தால், குழந்தை அபாய கட்டத்துக்குப் போகாமல் தடுத்து விடலாம்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்

* டைப் 1 சர்க்கரை ஒட்டாது. இனிப்புத் தின்றதால் வந்ததும் இல்லை.
* நடுக்கம், சில்லென்ற வேர்வை, திடீர் எரிச்சல் என்றால், 2 முதல் 3 டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில். 15 நிமிஷம் கழித்துப் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடியும்.
* நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாதே. ஒருக்களித்துப் படுக்க வை. 108-ஐக் கூப்பிடு.
* வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் என்றால் அம்மாவிடம் சொல். ஆஸ்பத்திரிக்குப் போ.
* இன்சுலின் ஃப்ரீசரில் வேண்டாம், வெயிலில் வேண்டாம்.
* மாடி வீட்டு போன் நம்பரை இங்கே எழுது.

கடைசியாக ஒரு சேதி. இன்சுலினைக் கண்டுபிடித்த பேன்டிங் பிறந்தது 1891 நவம்பர் 14. அதனால்தான் அந்த நாளை உலக சர்க்கரை நோய் தினமாகக் கொண்டாடுகிறார்கள். நம் நாட்டில் அதே நாள் குழந்தைகள் தினம்! லீவில் ஆரம்பித்த சிநேகிதம் ஜூனில் பள்ளி திறந்ததும் நின்றுவிட வேண்டியதில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம் என்றால், விஷயம் தெரிந்த ஒரு சிநேகிதி பக்கத்திலேயே இருப்பது அந்த அம்மாவுக்குப் பெரிய தைரியம். ஆகவே அடுத்த தடவை மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டால், கதவைத் திறந்தே வையுங்கள். சமையலறையில் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்பதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.